சிறு நிறுவனத்துக்கு ஒரு கோப்பு சர்வர்: ஓப்பன்மீடியாவால்ட் கொண்டு உலாவியிலிருந்தே அமைக்கும் முறை

திருப்பூரில் உள்ள எங்கள் பின்னலாடை யூனிட்டில் மெர்ச்சண்டைசிங், பேட்டர்ன், பிரிண்டிங் ஆர்ட்வொர்க், கணக்கு, பேக்கிங் என்று ஒன்பது கணினிகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய வாரத்தில், பையர் திருத்தி அனுப்பிய அளவுக்கு மாறாகப் பழைய மார்க்கரை (துணியில் பேட்டர்ன் துண்டுகளை அடுக்கிக் காட்டும் வெட்டு வரைபடக் கோப்பு) வைத்து 640 பீஸுக்கான துணியை வெட்டிவிட்டோம். கட்டிங் மாஸ்டரிடம் கேட்டபோது, “ஏனுங்க தம்பி, எனக்கு வந்த பென் டிரைவ்ல இதுதானுங்க இருந்துச்சு” என்றார். அவர் சொன்னது உண்மைதான். திருத்திய மார்க்கர் பேட்டர்ன் அறையின் கணினியில் இருந்தது. திருத்தாதது பென் டிரைவில் இருந்தது. மூன்றாவதாக ஒன்று மெர்ச்சண்டைசரின் மின்னஞ்சலில் இருந்தது.

எல்லாருக்கும் ஒரே இடத்தில் ஒரே கோப்பு என்ற ஏற்பாட்டைச் செய்ய எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. வரிசை தெரிந்திருந்தால் ஒரு ஞாயிறு போதும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் கட்டளை எதுவும் தெரியாதவர்களுக்காக எழுதியது இது. ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவிவிட்டால், மற்ற அமைப்புகள் அனைத்தையும் வேறொரு கணினியின் உலாவியிலிருந்தே செய்துகொள்ளலாம். நான் நிறுவியது டெபியன் 12 லினக்ஸின் மீது இயங்கும் 7-ஆம் பதிப்பு. அதன் பக்கத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்களை உச்சரிப்பில் இருப்பது போலவே ஒற்றை மேற்கோளுக்குள் எழுதியிருக்கிறேன்.

1. கணினியைத் தொடும் முன் ஒரு தாள்

நான் இழந்த நான்கு ஞாயிறுகளில் இரண்டு, இந்தத் தாளை எழுதாமல் தொடங்கியதால் போனவை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆட்களின் பெயர்களையும், மேலே குறுக்காக ஃபோல்டர்களின் பெயர்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் “எழுதலாம்”, “படிக்கலாம்”, “கூடாது” என்ற மூன்றில் ஒன்றை நிரப்புங்கள். எங்கள் தாளில் ஆர்டர், பேட்டர்ன், ஆர்ட்வொர்க், ஷிப்மென்ட், கணக்கு என்று ஐந்தே ஃபோல்டர்கள் இருந்தன. பேட்டர்ன் ஃபோல்டரில் பேட்டர்ன் மாஸ்டர் மட்டும் எழுதலாம். கட்டிங் பகுதியினர் படிக்கலாம், ஆனால் மாற்ற முடியாது. எங்களுக்கு நேர்ந்த இழப்பைத் தடுக்க இந்த ஒரு கட்டம் போதுமானதாக இருந்தது.

தாளை நிரப்பும்போது முதலாளியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஃபோல்டரை யார் பார்க்கலாம் என்பதை நீங்களாக முடிவு செய்தால், அது பின்னர் உங்கள் தலையில்தான் வந்து விடியும். ஃபோல்டர் பெயர்களையும் பயனர் பெயர்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். சர்வரின் டிஸ்கில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட் எடுத்துக்கொள்ளும்போது, தமிழில் எழுத்தும் அதன் மேல் ஏறும் குறியும் தனித்தனியே மூன்று பைட் எடுத்துக்கொள்கின்றன. “திருப்பூர்” என்ற ஒரு சொல்லே 30 பைட். பையர் பெயர், ஸ்டைல் எண், நிறம், தேதி எல்லாவற்றையும் தமிழில் சேர்த்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு, விண்டோஸில் நன்றாக இருந்த கோப்பு சர்வருக்குப் போகும்போது மட்டும் ஏன் மறுக்கிறது என்பது கடைசி வரை புரியாது. எனக்கு அரை நாள் புரியவில்லை.

2. வாங்க வேண்டியவை, செலவு, பில்

சர்வர் என்றவுடன் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். பத்துப் பேர் கோப்புகளைத் திறந்து மூடுவதற்கு, நான்காம் தலைமுறை ஐ5 செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட பழைய டெஸ்க்டாப்பே போதும். 2024-ல் எங்களுக்கு ஆன செலவு இது: பழைய டெஸ்க்டாப் 9,500 ரூபாய், மென்பொருளுக்கென்று 120 ஜிபி எஸ்எஸ்டி 1,200, கோப்புகளுக்கு 4 டிபி டிஸ்க் 11,800, காப்பு நகலுக்கு 4 டிபி வெளி டிஸ்க் 10,400, எட்டு வாய் கொண்ட கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் 1,650, யுஎஸ்பி வாய் உள்ள யுபிஎஸ் 4,900, கேபிள்களுக்கு 1,400. மொத்தம் 40,850 ரூபாய். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

இதில் மூன்று இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. முதலாவது, இரண்டு டிஸ்க்குகள் கட்டாயம். ஓப்பன்மீடியாவால்ட் தான் நிறுவப்படும் டிஸ்க் முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அதே டிஸ்கில் மீதியிருக்கும் இடத்தை உலாவிப் பக்கத்தின் வழியாகக் கோப்புகளுக்குக் கொடுக்க முடியாது. 4 டிபி டிஸ்க் ஒன்றை மட்டும் வாங்கிவந்து அதிலேயே நிறுவிவிட்டு, பகிர இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாவது, டிஸ்க் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே தயாரிக்கப்படும் என்ஏஎஸ் வகை டிஸ்க்குகள் இருக்கின்றன. டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. சந்தையில் அதே டிஸ்க் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தால், அது இந்தியாவில் வாரண்டி இல்லாத சரக்காக இருக்கலாம். டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் கடையிலேயே நின்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில்லில் வரிசை எண்ணும் உங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். வரிசை எண் வாரண்டிக்கு, ஜிஎஸ்டி எண் நீங்கள் கட்டிய 18 சதவீத வரியைக் கணக்கில் வரவு எடுத்துக்கொள்ள. பழைய டெஸ்க்டாப்புக்குப் பெரும்பாலும் துண்டுச் சீட்டுதான் கிடைக்கும். அதைத் தனியாக வையுங்கள்.

மூன்றாவது யுபிஎஸ். மின்சாரம் போனவுடன் சர்வர் தானாக ஒழுங்காக அணைய வேண்டுமென்றால், யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி வாய் இருக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் அது இருப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்காமல், திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

மின் செலவையும் கேட்பார்கள். 40 வாட் எடுக்கும் கணினி இரவும் பகலும் ஓடினால் மாதம் ஏறத்தாழ 29 யூனிட். ஒரு தையல் டேபிளின் மோட்டார்களோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டல்ல.

3. கேபிளைத் திறந்து பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. எங்கள் யூனிட்டில் கேபிள் இழுத்தவர், சுவருக்குள் ஒரே கேபிளைப் போட்டு அதிலிருந்த எட்டு நூல்களில் நான்கை நெட்வொர்க்குக்கும் இரண்டைத் தொலைபேசிக்கும் பயன்படுத்தியிருந்தார். நான்கு நூல்களில் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாது. அதாவது நொடிக்கு 11 அல்லது 12 எம்பி. எட்டு நூல்களும் சரியாக இருந்து, ஸ்விட்சும் கிகாபிட்டாக இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பி வரும். இணைய உலாவலில் இந்த வேறுபாடு தெரியாது என்பதால் இத்தனை ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. பிளக்கின் கண்ணாடி போன்ற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே, எட்டு நிறங்களும் முனை வரை வந்திருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். எங்களுடையதில் பழுப்பு ஜோடியும் நீல ஜோடியும் உள்ளே வராமலே வெட்டப்பட்டிருந்தன. புதிய பிளக் அடிக்க ஆள் கூலியோடு ஒரு மாலை நேரம் ஆனது.

சர்வரை வைஃபையில் இணைக்காதீர்கள். நிறுவும்போதும் அதன் பிறகும் கேபிள்தான்.

4. நிறுவுதல்: முக்கால் மணி நேரம்

ஓப்பன்மீடியாவால்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவசச் செயலியின் உதவியால் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டிய மிக முக்கியமான காரியம், 4 டிபி டிஸ்கின் கேபிளைக் கணினிக்குள் இருந்து கழற்றி வைப்பது. நிறுவும் நிரல் எந்த டிஸ்க் என்று கேட்கும்போது பட்டியலில் எஸ்எஸ்டி ஒன்று மட்டும் தெரிந்தால் தவறு செய்ய வழியே இல்லை. புது டிஸ்க்தானே என்று அலட்சியமாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி நிறுவ நேரும்போதும் இதே பழக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கணினியைத் தொடங்கும்போது பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு அமைக்கும் கையோடு, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக இயங்கத் தொடங்கும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள். காலையில் வாட்ச்மேன் மெயின் சுவிட்சைப் போட்டால் சர்வரும் எழுந்துகொள்ளும்.

நிறுவும் நிரல் நாடு, விசைப்பலகை, கணினியின் பெயர் ஆகியவற்றைக் கேட்கும். ரூட் என்ற தலைமைப் பயனருக்கான கடவுச்சொல்லையும் கேட்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து மறுபடி தொடங்கியதும், கறுப்புத் திரையில் சர்வரின் முகவரி, 192.168.1.37 என்பது போலத் தெரியும். அதையும் எழுதிக்கொண்டு கணினியை அணைத்து, 4 டிபி டிஸ்கை இணைத்து மீண்டும் இயக்குங்கள். திரையும் விசைப்பலகையும் இனி வேண்டியதில்லை. ஆனால் ஆறாம் படி முடியும் வரை அவற்றை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

5. முதல் நுழைவும் மஞ்சள் பட்டையும்

வேறொரு கணினியின் உலாவியில் அந்த முகவரியை அடித்தால் நுழைவுப் பக்கம் வரும். இங்கே ரூட் என்றும் நீங்கள் வைத்த கடவுச்சொல் என்றும் அடித்தால் உள்ளே விடாது. உலாவிப் பக்கத்துக்கான பயனர் பெயர் வேறு: ‘அட்மின்’, அதன் தொடக்கக் கடவுச்சொல் ‘ஓப்பன்மீடியாவால்ட்’ என்ற பெயரேதான், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். உலகம் முழுவதற்கும் இதே கடவுச்சொல் என்பதால், வலது மேல் மூலையில் உள்ள பயனர் படத்தைச் சொடுக்கி உடனே மாற்றிவிடுங்கள்.

அடுத்து ‘சிஸ்டம்’ பகுதியில் ‘ஒர்க்பெஞ்ச்’ பக்கத்துக்குப் போய், தானாக வெளியேற்றும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 30 ஆக்குங்கள். இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதி நிரப்பிய படிவம் போய்விடும். ‘டேட் அண்ட் டைம்’ பக்கத்தில் நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று தேர்ந்தெடுங்கள். கோப்பு எப்போது திருத்தப்பட்டது என்ற கேள்விக்கு விடை இந்த அமைப்பில்தான் இருக்கிறது. பிறகு ‘அப்டேட் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் புதுப்பிப்புகளை நிறுவுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு படிவத்தை நிரப்பி ‘சேவ்’ அழுத்தினால் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடாது. பக்கத்தின் மேலே மஞ்சள் நிறப் பட்டை ஒன்று தோன்றும். அதில் உள்ள சரிக்குறியை அழுத்தி, வரும் கேள்விக்கும் ஆமென்று சொன்ன பிறகுதான் சர்வர் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். முதல் ஞாயிறு மாலை வரை ஒவ்வொரு அமைப்பையும் சேமித்துவிட்டு, எதுவுமே வேலை செய்யவில்லையே என்று மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள் பட்டையை விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

6. முகவரியை நிலைப்படுத்துதல்

ரவுட்டர் கொடுக்கும் முகவரி நாளை மாறக்கூடும். மாறினால் ஒன்பது கணினிகளிலும் ஃபோல்டர்கள் ஒரே நேரத்தில் காணாமல் போகும். ஆகவே ரவுட்டரின் பக்கத்தில், அது தானாக வழங்கும் முகவரிகள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று பாருங்கள். 100 முதல் 200 வரை என்றிருந்தால், அதற்கு வெளியே ஓர் எண்ணை, 192.168.1.10 என்பது போல, சர்வருக்கு ஒதுக்குங்கள். அந்த எண்ணில் சிசிடிவி பெட்டியோ பயோமெட்ரிக் இயந்திரமோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் யூனிட்டில் வருகைப் பதிவு இயந்திரம் உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை யாருடைய விரலையும் அது ஏற்கவில்லை.

‘நெட்வொர்க்’ பகுதியில் ‘இன்டர்ஃபேசஸ்’ பக்கத்தில் உங்கள் கேபிள் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, ‘ஸ்டேட்டிக்’ முறைக்கு மாற்றி, முகவரி, 255.255.255.0 என்ற நெட்மாஸ்க், கேட்வே இடத்தில் ரவுட்டரின் முகவரி, டிஎன்எஸ் இடத்திலும் அதையே கொடுத்துச் சரிக்குறியை அழுத்துங்கள். உலாவி அப்படியே உறைந்து நிற்கும். பயப்பட வேண்டாம், புதிய முகவரியை அடித்து உள்ளே போங்கள்.

எண்ணைத் தவறாக அடித்து வெளியே மாட்டிக்கொண்டால், சர்வரின் முன்னால் உட்கார்ந்து ரூட் பயனராக நுழைந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஓ, எம், வி, ஒரு சிறு கோடு, பிறகு ஃபர்ஸ்ட்எய்ட் என்ற சொல்லை இடைவெளியின்றி அடித்தால் ஒரு பட்டியல் வரும். முகவரியைத் திரும்ப அமைப்பதற்கும், மறந்துபோன உலாவிக் கடவுச்சொல்லை மாற்றுவதற்கும் அதில் வழி இருக்கிறது.

7. டிஸ்கைத் தயார் செய்தல்

‘ஸ்டோரேஜ்’ பகுதியில் ‘டிஸ்க்ஸ்’ பக்கத்தில் இரண்டு டிஸ்க்குகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெரியதைத் தேர்ந்து துடைத்துவிட்டு, ‘ஃபைல் சிஸ்டம்ஸ்’ பக்கத்தில் ‘இஎக்ஸ்டி4’ வகையை உருவாக்குங்கள். உருவாக்கி முடித்தால் மட்டும் போதாது. அதை ‘மவுன்ட்’ செய்து மறுபடி சரிக்குறி அழுத்த வேண்டும்.

விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்கை, உள்ளே கோப்புகளோடு அப்படியே மாட்டிப் பகிர்ந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும் டிஸ்கில், ஒன்றாம் படியில் நீங்கள் எழுதிய உரிமைகள் ஒழுங்காக நிற்காது. அந்தக் கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, டிஸ்கைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

8. ஆட்கள், ஃபோல்டர்கள், உரிமைகள்

வரிசை முக்கியம்: முதலில் ஆட்கள், பிறகு ஃபோல்டர்கள், கடைசியில் உரிமை. ‘யூசர்ஸ்’ பகுதியில், தாளில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெயர் வைத்தால் வேலை எளிது என்று தோன்றும். பேட்டர்ன் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதிக்க வேண்டியவரையும் எழுத அனுமதிக்க வேண்டியவரையும் அதன் பிறகு பிரிக்கவே முடியாது. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் பேக்கிங் போன்ற பகுதிக்கு மட்டும், பகுதியின் பெயரிலேயே ஒரு பயனரை வைத்தேன்.

‘ஸ்டோரேஜ்’ பகுதிக்குத் திரும்பி, ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் ஐந்து ஃபோல்டர்களையும் உருவாக்குங்கள். பின்னர் ஒவ்வொன்றையும் தேர்ந்து ‘பெர்மிஷன்ஸ்’ பொத்தானை அழுத்தினால், ஆட்களின் பட்டியலும் எதிரே மூன்று தேர்வுகளும் வரும். அவை உங்கள் தாளில் இருக்கும் அதே மூன்று: எழுதலாம், படிக்கலாம், கூடாது. யாருக்கும் எதையும் காலியாக விடாதீர்கள். “கூடாது” என்பதையும் வெளிப்படையாகவே குறியுங்கள். காலியாக விட்டால் பொதுவான அனுமதியே அவருக்கும் செல்லும்.

அருகிலேயே ‘ஏசிஎல்’ என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதுவும் உரிமை பற்றியதுதான், ஆனால் டிஸ்கின் அடிமட்டத்தில் வேலை செய்வது. இரண்டிலும் கை வைத்தால் எது எதைத் தடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். நான் கை வைத்தேன். கடைசியில் ஃபோல்டரை அழித்து மறுபடி உருவாக்கியதுதான் தீர்வாக இருந்தது. அந்தப் பொத்தான் இல்லாதது போலவே நடந்துகொள்ளுங்கள்.

9. பகிர்வைத் தொடங்குதல்

விண்டோஸ் கணினிகள் புரிந்துகொள்ளும் பகிர்வு முறையின் பெயர் எஸ்எம்பி. ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘எஸ்எம்பி/சிஐஎஃப்எஸ்’ என்பதன் கீழ் ‘செட்டிங்ஸ்’, ‘ஷேர்ஸ்’ என்று இரண்டு பக்கங்கள் இருக்கும். ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘எனேபிள்டு’ கட்டத்தைக் குறியுங்கள். பிறகு ‘ஷேர்ஸ்’ பக்கத்தில், எட்டாம் படியில் உருவாக்கிய ஒவ்வொரு ஃபோல்டரையும் சேர்க்க வேண்டும். ஃபோல்டர் உருவாகிவிட்டதாலேயே அது நெட்வொர்க்கில் தெரிந்துவிடாது.

சேர்க்கும் படிவம் நீளமானது. அதில் இரண்டைத் தவிர மற்றவற்றை இருந்தபடியே விடலாம். ‘பப்ளிக்’ என்பது ‘நோ’ என்றே இருக்கட்டும். விருந்தினரை அனுமதித்தால் கடவுச்சொல் தொல்லை இல்லை என்ற ஆசை வரும்; புதிய விண்டோஸ் பதிப்புகள் கடவுச்சொல் இல்லாத நுழைவைத் தாங்களாகவே தடுப்பதால், அந்த ஆசையும் பலிக்காது.

இரண்டாவது, ‘ரீசைக்கிள் பின்’. நெட்வொர்க் ஃபோல்டரில் அழிக்கும் கோப்பு, விண்டோஸ் திரையில் உள்ள குப்பைத் தொட்டிக்குப் போகாது, அப்போதே போய்விடும். இது பலருக்குத் தெரியாது. இந்தத் தேர்வை இயக்கினால், அழித்தவை சர்வரிலேயே ஒரு மறைவான ஃபோல்டரில் தங்கும். எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதையும் அங்கேயே குறிக்கலாம். நான் 30 நாள் வைத்திருக்கிறேன். இதனால் தப்பித்த ஆர்ட்வொர்க் கோப்புகளின் எண்ணிக்கையை எங்கள் டிசைனர் வெளியே சொல்ல விரும்பமாட்டார்.

10. ஒவ்வொரு கணினியிலும்

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில், இடப்பக்கம் சாய்ந்த இரண்டு கோடுகளை இட்டு, இடைவெளியின்றிச் சர்வரின் முகவரியை அடியுங்கள். ‘நெட்வொர்க்’ பட்டியலில் சர்வர் தெரியவில்லையே என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தப் பட்டியல் சில நாள் காட்டும், சில நாள் காட்டாது. நேரடி முகவரி எப்போதும் வேலை செய்யும்.

பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டியில், பெரும்பாலும் அந்தக் கணினியின் சொந்தப் பெயர் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். வேறு கணக்கைப் பயன்படுத்துவதற்கான தேர்வை அழுத்தி, சர்வரில் நீங்கள் கொடுத்த பெயரை அடியுங்கள். கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்க பின் எண் இங்கே செல்லாது. உள்ளே போனதும், வேண்டிய ஃபோல்டரை வலச் சொடுக்கில் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ செய்து, ஓர் எழுத்தைக் கொடுங்கள். பேட்டர்ன் என்றால் எல்லாக் கணினியிலும் பி என்பது போல ஒரே எழுத்தாக இருப்பது நல்லது; “பி-யில பாருங்க” என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

சோதிக்கும்போது எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒரு கணினியில் முதலாளியின் பெயரில் நுழைந்து பார்த்துவிட்டு, அதே கணினியில் கட்டிங் பகுதியின் பெயரில் நுழைய முயன்றால், விண்டோஸ் மறுத்துவிடும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக அது அனுமதிப்பதில்லை. பிழைச் செய்தியைப் படித்துச் சர்வரில் கோளாறு தேடாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற இடத்தில் சேமித்த பழைய பெயரை அழித்து, கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும்.

11. பழைய கணினிகளும் ஸ்கேன் செய்யும் ஜெராக்ஸ் இயந்திரமும்

எம்பிராய்டரி பகுதியிலும் பழைய மார்க்கர் பிளாட்டரோடும் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினிகள் நம் ஊர் யூனிட்டுகளில் இருக்கின்றன. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை நச்சுநிரல் பரவியது அந்தப் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஓப்பன்மீடியாவால்ட்டுக்குள் எஸ்எம்பி பகிர்வைச் செய்யும் நிரலான சாம்பா, இன்று அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது. ஓப்பன்மீடியாவால்ட்டின் அமைப்பில் குறைந்தபட்சப் பதிப்பைக் கீழிறக்கி அந்தக் கதவைத் திறக்க முடியும். ஒரு பழைய கணினிக்காக முழு யூனிட்டின் கதவையும் திறந்துபோடாதீர்கள். அந்தக் கணினிக்குப் பென் டிரைவ்தான். மேலதிகச் சிரமம்தான், ஆனாலும் அதுவே சரி. விண்டோஸ் 7-க்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்கேன் செய்து நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களும் இதே காரணத்தால் சர்வரோடு பேசாமல் போகலாம். பெரும்பாலானவற்றில் எஃப்டிபி வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ அனுப்பும் தேர்வு இருக்கும். சர்வீஸ் ஆளை வரவழைக்கும்போது அதைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

12. பழைய கோப்புகளைக் கொண்டுவருதல்

எங்களிடம் ஒன்பது கணினிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 500 ஜிபி இருந்தது. 100 எம்பிபிஎஸ் கேபிளில் இதற்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட்டில் கணக்குப்படி ஒன்றேகால் மணி நேரம். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதைவிடக் கூடும். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பின் தொடங்கினால் ஞாயிறு காலை முடிந்திருக்கும். ஷிப்மென்ட் நெருக்கடி இருக்கும் வாரத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

நகலெடுத்ததும் பழையவற்றை அழித்துவிடாதீர்கள். ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் “பழையது” என்று சேர்த்து ஒரு மாதம் விட்டுவையுங்கள். அப்படிச் சேர்க்காவிட்டால், பழக்க தோஷத்தில் பாதிப்பேர் பழைய இடத்திலேயே திருத்திக்கொண்டிருப்பார்கள். கணக்கு மென்பொருளான டேலியின் நடப்புக் கணக்கை மட்டும் நான் சர்வருக்கு மாற்றவில்லை. அது கணக்காளரின் கணினியிலேயே இருக்கிறது. அதன் அன்றாட பேக்கப் கோப்பு மாத்திரம் கணக்கு ஃபோல்டருக்கு வருகிறது.

13. காப்பு நகல்

சர்வர் வந்துவிட்டதால் கோப்புகள் பத்திரம் என்று நினைப்பது தவறு. முன்பு ஒன்பது இடங்களில் சிதறியிருந்தவை இப்போது ஒரே டிஸ்கில் இருக்கின்றன. பணம் பறிக்கும் நச்சுநிரல் ஒரு கணினியில் நுழைந்தால், அந்தக் கணினியில் பி என்றும் ஓ என்றும் தெரியும் ஃபோல்டர்களையும் சேர்த்தே பூட்டும். ஆகவே வெளி டிஸ்க் ஒன்றில் வாரம் ஒரு முறை நகலெடுத்து, முடிந்தவுடன் கழற்றி, யூனிட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். ஓப்பன்மீடியாவால்ட்டில் ‘பிளகின்ஸ்’ பக்கத்தில் ‘யுஎஸ்பிபேக்கப்’ என்பதை நிறுவினால், டிஸ்கைச் செருகியதும் நகலெடுப்பு தானாகத் தொடங்குமாறு அமைக்கலாம். யுபிஎஸ்ஸோடு பேசுவதற்கான ‘நட்’ பிளகினும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

வெளியூரிலிருந்து கோப்புகளைப் பார்க்க வேண்டுமென்று முதலாளி கேட்பார். ரவுட்டரில் போர்ட் திறந்து சர்வரை நேராக இணையத்தில் காட்டும் வேலையை, எவ்வளவு வற்புறுத்தினாலும் செய்யாதீர்கள். வேண்டிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப இரண்டு நிமிடம் ஆகும்.

மாதம் ஒரு முறை, வெளி டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு மார்க்கர் கோப்பை எடுத்து, பேட்டர்ன் மாஸ்டரின் கணினியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் சோதனையில், ஃபோல்டர் இருந்தது, உள்ளே கோப்புகள் இல்லை. நான் நகலெடுக்கத் தேர்ந்தெடுத்திருந்தது காலியாக இருந்த வேறொரு ஃபோல்டரை. அதைத் திருத்தி மறுபடி நகலெடுத்து, கோப்பு திறந்து, மார்க்கர் திரையில் வந்த தேதியை டிஸ்கின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதிக்குக் கீழே இன்னொன்று சேர்கிறது.